சிவப்பு மை வந்த சனிக்கிழமை

கடையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்றார் முதலாளி. சொல்லச் சொன்னால் என் வாய் திறக்காது. நாலு பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தால் நான் தரையைப் பார்ப்பேன். அதனால் அடித்துத் தருகிறேன் என்றேன். முப்பது வருடம் மற்றவர்கள் எழுதியதை அடித்தவன், என் சொந்தத்தை அடிப்பது இதுதான் முதல் தடவை. இனித் திரையைப் பார்க்கக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால்தான் வேலையை விட்டுப் போகிறேன். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, விட்டு விட்டு அடிக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான். குரோம்பேட்டையில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோத்துத்தான் தமிழ் எனக்கு முழுதாக வந்தது. ஈய எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி இருக்கும். அதனால் நேராகப் படிப்பதைவிடத் திருப்பிப் படிப்பது எனக்குச் சுலபமாக இருந்த காலமும் உண்டு. அச்சகம் மூடியபிறகு மேற்குத் தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கடைக்கு வந்தேன். இங்கே வருவது பெரும்பாலும் ஆய்வேடுகள். தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் நிறையப் பேர் கையால்தான் எழுதிக் கொண்டு வருகிறார்கள். நாம் அடித்து, பிழை பார்த்து, பைண்டிங் செய்து, அட்டையில் தங்க எழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம்.

தப்பில் இரண்டு வகை உண்டு. முதலில் சின்னதைச் சொல்லிவிடுகிறேன்.

நன்றியுரைக்குப் பழைய கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுவது நம் கடைகளில் வழக்கம். நான் வந்த புதிதில் ஒருவருடைய ஆய்வேட்டில் எல்லாப் பெயரையும் மாற்றினேன், மனைவி பெயரை மட்டும் விட்டுவிட்டேன். பைண்டிங் முடிந்து வீட்டுக்குப் போன புத்தகத்தோடு மறுநாள் காலையில் அந்த அம்மாவே வந்து நின்றார்.

"இன்னா சார் இது? 'என் உயிரில் பாதியான மல்லிகாவுக்கு'ன்னு போட்டுக்கீது. நான் சாந்தி. யார் சார் அந்த மல்லிகா?"

முதலாளி என்னைக் காட்டினார். நான் மேசைக்கு அடியில் இல்லாத எதையோ தேடினேன்.

"அம்மா, அது முன்னாடி வந்த வாத்தியாரோட சம்சாரம்மா. இவன் மாத்த மறந்துட்டான். உங்க வூட்டுக்காரர் உத்தமர்."

"உத்தமர்தான். ராத்திரி பூரா வாசல்லதான் படுத்திருந்தாரு."

ஒரு தாளைப் பிரித்து வேறு தாள் ஒட்டினோம். முடிந்தது. தாளை மாற்றினால் சரியாகிவிடும் தப்பு இந்த வகை. நீங்களும் செய்வீர்கள். திட்டு வாங்குவீர்கள். பிறகு சிரிப்பீர்கள். இன்னொரு வகையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெண் வந்தார். ஜெசிந்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவர் பெயர் இல்லை. குரோம்பேட்டையில் வீடு, முப்பத்தைந்து வயது இருக்கும், பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். ஒரு பழைய நாவலைப் பெண்ணியப் பார்வையில் ஆராய்கிறார். அந்தச் சொல்லை அதற்கு முன் பல தடவை அடித்திருக்கிறேன். அர்த்தம் தேடியதில்லை. நம் வேலையில் அர்த்தம் தேடினால் வேகம் குறையும்.

நாவல் என்னவென்றால், ஏரிக்கரையில் நிலம் வைத்திருந்த ஒருவன், ஊர் பெருத்து நிலம் விலை போனதும் பணக்காரனாகிறான். கடைசியில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். மனைவி கதவைத் திறக்கிறாள். இருவருக்கும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதோடு கதை முடிகிறது. அந்த மௌனத்தைப் புகழாதவர்களே இல்லையாம். பொறுமையின் சிகரம், தாய்மையின் வடிவம் என்று பலர் எழுதியதையெல்லாம் ஜெசிந்தா தன் முதல் இயலில் மேற்கோளாக வரிசையாகக் கொடுத்திருந்தார். நான்தான் அடித்தேன்.

இரண்டாம் இயலில் நாவலிலிருந்து ஒரு பக்கம் முழுதாக எடுத்துப் போட்டிருந்தார். அதில் அதே மனைவி, பாலில் அளவு குறைகிறது என்று பால்காரியோடு தெருவில் நின்று சண்டை போடுகிறாள். என்ன வாய்! அடிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெசிந்தா எதிரே உட்கார்ந்து முந்தைய பக்கங்களில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா சிரிக்கிறீங்க?"

நான் பெண்களிடம் முகம் பார்த்துப் பேசுகிறவன் இல்லை. விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இல்ல மேடம்... ஒரு ஆழாக்குப் பாலுக்கு இவ்ளோ பேசுறவங்க, அன்னிக்கு மட்டும் சும்மாவா இருந்திருப்பாங்க?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். வெளியே செங்கல்பட்டு வண்டி அறிவிப்பு முடிந்து, வண்டி வந்து, போயும் விட்டது. தப்பாகப் பேசிவிட்டோம் என்று எனக்கு வியர்த்தது.

"அண்ணா, நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது."

"ஆறு வருஷமா நான் அந்தக் கடைசிப் பக்கத்தையே பாத்துக்கிட்டிருக்கேண்ணா. பால்காரியை விட்டுட்டேன்."

அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று அவரிடம் சொல்லவில்லை. வண்டலூரில் கட்டிக்கொடுத்த என் அக்காவின் வீட்டுக்காரரும் இன்னொருத்தியைக் கூட்டி வந்தவர்தான். 'அவ தங்கமானவ, ஒரு வார்த்தை பேசலையே' என்று சொந்தத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். பேசினாள். அச்சகத்துக்கு வந்து என்னிடம்தான் பேசினாள், ஒரு மணி நேரம். நான்தான் அதை யாரிடமும் கொண்டு போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஜெசிந்தா நான்காம் இயலின் கடைசிப் பகுதியைக் கொண்டு வந்தார். ஆறு தாள். அதுவரை அவர் எழுத்து அடித்தல் திருத்தலோடு இருக்கும். அந்த ஆறு தாளில் ஓர் அடித்தல் இல்லை. அதன் நடுவில் ஒரு பத்தி எனக்கு மனப்பாடம்:

அவள் பேசாமல் இருக்கவில்லை. அவள் பேசியது எழுதப்படவில்லை. பாலின் அளவுக்காகத் தெருவே கேட்க வாதாடியவளை, கணவன் இன்னொருத்தியோடு வந்து நின்றபோது ஊமையாக்கியது அவளுடைய குணம் அன்று. கதையை அமைதியாக முடிக்க விரும்பிய கை. அந்தக் கையைத்தான் நாம் இத்தனை காலமும் அவளுடைய பொறுமை என்று வணங்கி வந்திருக்கிறோம்.

அடித்து முடித்தபோது என் விரல் கொஞ்ச நேரம் விசையிலேயே இருந்தது.

நன்றியுரையில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'தட்டச்சு செய்ததோடு ஒரு கேள்வியும் கேட்ட அண்ணனுக்கு.' அதை அடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டாம் மேடம் என்றேன். "அடிங்கண்ணா" என்றார்.

இனி நம் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆய்வேட்டின் முன்பக்கத்தில் இரண்டு தாள் வரும். ஒன்று நெறியாளர் சான்றிதழ். இன்னொன்று ஆய்வாளர் உறுதிமொழி: 'இந்த ஆய்வேடு என் சொந்த முயற்சியில் உருவானது' என்று. பைண்டிங் முடிந்தபிறகு கையெழுத்து வாங்க அலைவது சிரமம் என்பதால், அந்த இரண்டு தாளையும் முன்னாலேயே அச்செடுத்துக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம். எல்லாக் கடையிலும் அப்படித்தான். புத்தகம் முடிவதற்கு முன்பே, இது என்னுடையது என்று கையெழுத்து விழுந்துவிடும். ஜெசிந்தா வெள்ளிக்கிழமை ஐந்து பிரதிக்கும் ஐந்து கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை சமர்ப்பிக்கக் கடைசி நாள். அதற்கு மேல் பதிவு காலாவதி.

சனிக்கிழமை பகல். முதலாளி கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடை போனில் நெறியாளர் ஐயாவிடமிருந்து படங்கள் வந்தன. நான்காம் இயலின் கடைசிப் பகுதி. ஆறு பக்கத்திலும் குறுக்கே சிவப்பு மையில் கோடு. பிறகு அவர் கையால் எழுதிய இரண்டு பக்கம். பிறகு போன்.

"தம்பி, நான் கோடு போட்டு அடிச்சதை எடுத்துட்டு நான் எழுதியிருக்கறதைப் போடு. பக்க எண்ணெல்லாம் சரி பண்ணிக்கோ. திங்கக்கிழமை காலைல புத்தகம் ரெடியா இருக்கணும்."

"ஐயா... மேடத்துக்கு..."

"நான் பேசிக்கறேன். நீ வேலையைப் பாரு."

சிவப்பு மை வந்தால் கேள்வி கேட்காதே என்பது நம் தொழிலில் முதல் பாடம். முதலாளி எனக்குச் சொன்னது: "ஸ்டூடண்ட் சொல்றதை அட்ச்சிக்கினு இரு. கைடு சொன்னா அதை மாத்து. நடுவுல நாம யாரு?" உங்களுக்கும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் எனக்குத் தெரியும். ஐயா எழுதியிருந்ததைப் படித்தேன்: 'அவளது மௌனம் தோல்வியன்று, அது பெண்மையின் பேராற்றல். பொறுத்தலின் வழியாகவே அவள் ஆணை வெல்கிறாள்.' இது திருத்தம் இல்லை. அந்தப் பெண் ஆறு வருடம் தேடிக் கண்டுபிடித்ததை அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்தது. திருப்பி வைத்த எழுத்தைப் படிக்க எனக்குத் தெரியாதா?

போனை எடுத்தேன். ஜெசிந்தாவின் எண்ணைக் கண்டுபிடித்தேன். முன்பு ஒருமுறை பக்க எண்ணில் சந்தேகம் வந்து அவருக்குப் பேசியபோது அவர் கணவர் எடுத்தார். "யாருய்யா நீ? பொம்பளைக்கு போன் பண்ண ஒரு நேரங்காலம் இல்லியா?" என்றார். மத்தியானம் பன்னிரண்டு மணி அப்போது. அதை நினைத்தேன். ஐயாதான் பேசிக்கொள்கிறேன் என்றாரே என்று நினைத்தேன். முதலாளி வரட்டும் என்று நினைத்தேன். ஜெசிந்தாவுக்குத் தெரிந்தே நடந்திருக்கும் என்றும் நினைத்தேன். மனசுக்குக் காரணமா கிடைக்காது? போனைக் கீழே வைத்தேன். ஐயா எழுதியதை அடித்தேன். நம் கடையில் நான்தான் வேகம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

முதலாளி சாயங்காலம் வந்தார். சொன்னேன். "சர்தான்" என்றார். பைண்டிங்குக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஜெசிந்தா வந்தார். நல்ல புடவை, தலையில் பூ. கணவருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று இரண்டு இனிப்புப் பெட்டி. ஐந்து புத்தகத்தையும் மேசையில் அடுக்கினேன். மேலே இருந்ததை எடுத்து அட்டையைத் தடவினார். தங்க எழுத்தில் தன் பெயரை விரலால் படித்தார். பிறகு நேராக நான்காம் இயலின் கடைசிக்குப் போனார்.

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. தாள் திருப்பும் சத்தத்தை மட்டும் கேட்டேன். முன்னால் திருப்பினார். பின்னால் திருப்பினார். இரண்டாவது புத்தகத்தை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார்.

"அண்ணா, இது யாரு எழுதினது?"

முதலாளி சொன்னார், "உங்க கைடுதாம்மா. சிவப்பு மைல அட்ச்சி அனுப்பிச்சாரு. உங்ககிட்ட பேசறேன்னாரே?"

ஜெசிந்தா அங்கேயே நின்று நெறியாளருக்குப் போன் செய்தார். அவர் பக்கம் மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"ஐயா, வணக்கங்கய்யா... பாத்தேங்கய்யா... இல்லைங்கய்யா, அது என் முடிவே இல்லைங்கய்யா... யாருங்கய்யா எக்ஸாமினர்?... ஓ... அவரோட மாணவரா... இல்லைங்கய்யா, எனக்குப் புரியுது... எனக்கு நல்லதுக்குத்தான்னு தெரியுதுங்கய்யா... சரிங்கய்யா. சரிங்கய்யா."

நாவலை எழுதியவரிடம் படித்தவர்தான் தேர்வாளராக வருகிறாராம். அந்த ஆறு பக்கம் இருந்தால் பட்டம் வராது என்று ஐயா பயந்திருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. என் முப்பது வருடத்தில் கெட்டவர்கள் செய்த கெடுதலை நான் அதிகம் பார்த்ததில்லை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "மேடம், பழைய கோப்பு இருக்கு. பிரிச்சு மாத்திடலாம். ரெண்டு மணிக்குள்ள முடிச்சிடுவேன்" என்றேன்.

"ஐயா சான்றிதழைத் திரும்ப வாங்கிக்குவேன்னு சொல்லலைண்ணா. ஆனா சொல்லுவார்."

அவர் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், பிரித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்குப் பல்கலைக்கழக அலுவலகம் மூடிவிடும். பிறகு என்னைப் பார்த்துத்தான் கேட்டார். முதலாளியை இல்லை.

"உங்களுக்குத் தெரியும்லண்ணா? அடிக்கும்போதே தெரிஞ்சிருக்குமே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சனிக்கிழமையே ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா, ரெண்டு நாள் இருந்திருக்கும். நேர்ல போய் அவர் காலைப் பிடிச்சிருப்பேன். சண்டையாவது போட்டிருப்பேன்."

என்ன சொல்வது? உங்கள் கணவருக்குப் பயந்தேன் என்றா?

ஐந்து புத்தகத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். இனிப்புப் பெட்டி இரண்டையும் மேசையிலேயே விட்டுவிட்டார். தான் கையால் எழுதிக் கொடுத்திருந்த தாள்களைக் கேட்கவில்லை. மற்றதெல்லாம் பழைய பேப்பருக்குப் போனது. அந்த ஆறு தாளை மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

பட்டம் வந்தது. தேர்வாளர் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் ரொம்பப் புகழ்ந்தாராம். நன்றியுரையில் என் வரி இன்னும் இருக்கிறது. ஒரு கேள்வியும் கேட்ட அண்ணனுக்கு. எந்தக் கேள்வி என்று அந்தப் புத்தகத்தைப் படிக்கும் யாருக்கும் தெரியாது. அதற்கான பதில் அதில் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். சிவப்பு மை வந்தால், ஒரே ஒரு வரியாக இருந்தாலும், எழுதியவருக்குப் போன் செய்துவிட்டுத்தான் விசையைத் தொடுவேன். கணவர் எடுத்தாலும் பேசுவேன். குரல் நடுங்கும், ஆனாலும் பேசுவேன். முதலாளி முதலில் திட்டினார், பிறகு பழகிவிட்டார். இதனால் நாலைந்து பேருக்கு நல்லது நடந்திருக்கலாம். அதைச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்படி முடித்தால் பொய்.

போன வருடம் காட்டாங்குளத்தூரிலிருந்து ஒரு மாணவி வந்தார். கயல் என்று வைத்துக்கொள்வோம். அதே நாவல். மூன்றாம் இயலில் ஒரு நீண்ட மேற்கோள். அதை அடிக்கத் தொடங்கியதும் கை நின்றுவிட்டது. 'அவளது மௌனம் தோல்வியன்று...' கீழே அடிக்குறிப்பில் ஜெசிந்தாவின் பெயர், முனைவர் என்ற பட்டத்தோடு. ஆய்வேடு புத்தகமாகவும் வந்திருக்கிறது. அவர் இப்போது ஒரு கல்லூரியில் பேராசிரியர்.

"பாப்பா, இது அவங்க எழுதினதில்ல."

கயல் சிரித்தார். "இன்னாண்ணா சொல்றீங்க? புக்லயே இருக்கு. அவங்க பேரு போட்டு."

இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே ஆறு தாளையும் படித்தார். படிக்கப் படிக்க அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"அண்ணா, செமயா இருக்குண்ணா. இது மட்டும் கிடைச்சா என் தீசிஸே வேற மாதிரி ஆயிடும். ஆனா அச்சுல வராததை நான் எப்படி மேற்கோள் காட்டுறது? இருங்க, மேம் நம்பர் இருக்கு. அவங்ககிட்டயே கேட்டுடுறேன்."

அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு தாளைப் பிரித்து இன்னொன்றை ஒட்டுவதுபோல.

கயல் போனை ஒலிபெருக்கியில் போட்டார். விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் வகுப்பறைச் சத்தம் மட்டும்.

"புக்ல இருக்கறது என் எழுத்துதான்ம்மா. அப்படியே போட்டுக்கோ."

"மேம், அப்போ இந்த ஆறு பக்கம்?"

"அது சும்மா, ஏதோ டிராஃப்ட். அதை எடுக்காதே... அண்ணன் பக்கத்துல இருக்காரா? போனை அவர்கிட்ட குடு."

போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"அண்ணா, கண்ணு எப்படியிருக்கு? முன்னாடியே தண்ணி வடியுதுன்னு சொல்வீங்களே."

"பரவால்ல மேடம்."

"அந்தத் தாளை இன்னுமா வச்சிருக்கீங்க?"

"ம்."

"உறுதிமொழியில என் கையெழுத்து இருக்குண்ணா. புக்ல இருக்கறது என்னுது இல்லைன்னு நான் இப்போ சொன்னா, பட்டம், வேலை, பொண்ணோட படிப்பு..." அவர் முடிக்கவில்லை. பிறகு, "கிழிச்சிடுங்கண்ணா" என்றார்.

"மேடம்..."

"இந்தத் தடவை நானே சொல்றேன்ல."

கயலுக்கு முன்னாலேயே கிழித்தேன். நல்ல தாள், சீக்கிரம் கிழியவில்லை. கயல் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. யாருடைய தாளையோ யாருடையதோடோ கலந்துவிட்டு உளறுகிறார் என்று நினைத்திருக்கலாம். முதல் தடவை அவரைக் கேட்காமல் அழித்தேன். இரண்டாம் தடவை அவர் சொல்லி அழித்தேன். முதல் தடவை கேட்டிருந்தால் இரண்டாம் தடவை வந்திருக்காது.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை. அன்றைக்கே பேசுங்கள். மறுநாள் பேசினால், நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்களோ அவரே உங்கள் வாயை மூடச் சொல்லும் நிலைமைக்கு வந்திருப்பார். மேலே நான் அடித்திருக்கும் அந்தப் பத்தி நினைவிலிருந்து அடித்தது. அதற்கு அடிக்குறிப்பு கிடையாது. அதை எழுதியவர் என்று இன்றைக்கு உலகத்தில் யாரும் இல்லை.

அன்றைக்குத் தாளைக் கிழித்தபிறகு கயல் மறுபடி எதிரே உட்கார்ந்து பிழை பார்க்கத் தொடங்கினார். எனக்கு வேலை பாக்கி இருந்தது. மேற்கோள் குறியைத் திறந்தேன். ஐயா எழுதியதை இரண்டாம் முறையாக, ஓர் எழுத்து பிசகாமல் அடித்தேன். குறியை மூடினேன். கீழே ஜெசிந்தாவின் பெயரைப் போட்டேன்.